வெளிய போற நகைக்கு ஒரு பாலிசி

அண்ணே, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கையில வச்சிருக்கீங்களே, அது இன்சூரன்ஸ் நோட்டீஸ்தான? நெனச்சேன். எனக்கு தூரத்துலேர்ந்தே தெரியும். மேல படத்துல ஒரு குடும்பம் குடைக்குள்ள நின்னு சிரிச்சுட்டு இருக்கும். எதுக்கு சிரிக்கிறாங்கன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சிருக்கேன்.

நீங்க ஏஜெண்ட் இல்லையே? இல்ல, கேட்டு வச்சுக்கறது நல்லதுல்ல. ஓ, கடை போடப் போறீங்களா! புதுக்கோட்டையிலயா? என்ன கடை? ஹார்டுவேரா, சூப்பர்ண்ணே! பெயின்ட் வைப்பீங்களா? பெயின்ட் வச்சீங்கன்னா தீ பிடிக்கும்னு சொல்லி முதல்ல தீ பாலிசியைத்தான் தலையில கட்டப் பாப்பாங்க. நல்ல வேளை, இந்த பஸ்ல என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. இல்ல, நிஜமா சொல்றேன். இந்த விஷயத்துல நான் பட்டதை வேற யாரும் படக் கூடாது.

எனக்கும் ஒரு கடை இருக்குண்ணே. திருச்சி உறையூர்ல, சாலை ரோட்டுல, மாடியில. கல்யாணப் பொண்ணுங்களுக்கு நகை வாடகைக்கு விடுற கடை. நெத்திச்சுட்டி, ஜடைபில்லை, வங்கி, மாங்கா மாலைன்னு எல்லாம் இருக்கு. வெள்ளியில செஞ்சு முலாம் பூசுனது கொஞ்சம், கவரிங் கொஞ்சம். போர்டு பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. போர்டே கிடையாது! நாலு வருஷமா நடக்குற கடைக்கு ஒரு போர்டு கிடையாதுண்ணே. எல்லாம் எங்க அக்கா பண்ற வேலை.

அக்கா பேரு தமயந்தி. மாமா சிங்கப்பூர்ல இருக்காரு. கடைய ஆரம்பிச்சது அக்காதான், நடத்துறது நான். அதாவது, கஸ்டமர்கிட்ட பேசுறது, நகை எடுத்துக் காட்டுறது, திரும்பி வந்ததும் கழுவித் தொடச்சு வைக்கிறது எல்லாம் அக்கா பாத்துக்கும். நான் ஐடியா. எனக்கு எந்நேரமும் ஐடியா வந்துட்டே இருக்கும்ண்ணே. ராத்திரி தூக்கம் வராது.

எங்க கடைக்குக் கீழ ஒரு லேடீஸ் டெய்லர் கடை இருக்கு. படி அந்தக் கடை ஓரமா ஏறும். யாராவது படியேறுறதைப் பாத்தா பிளவுஸ் தைக்கப் போறாங்கன்னுதான் ரோட்டுல போறவன் நெனைப்பான். அக்கா அதுக்காகவே அந்த இடத்தைப் புடிச்சுது. நகையைக் குடுத்து அனுப்புறதும் அந்த டெய்லர் கடைப் பையிலதான். மேல ரெண்டு ஜாக்கெட் துணி, அடியில நகை. கஸ்டமர் போன் பண்ணா கூட, "அக்கா, பிளவுஸ் ரெடியா?"ன்னுதான் கேப்பாங்க. ஏதோ கள்ளக்கடத்தல் பண்ற மாதிரி இருக்கும்.

ஏன்னு கேட்டா, "டேய் முகுந்தா, வாடகை நகை போட்டுக் கல்யாணம் பண்றோம்னு எவளாவது வெளிய சொல்லுவாளா? அவங்க நம்மகிட்ட நகை வாங்க வரல. இந்த விஷயம் நம்மளத் தாண்டிப் போகாதுன்னு நம்பி வர்றாங்க"ங்கும்.

கரெக்ட்தான். நான் இல்லேங்கல. ஆனா நான் இன்னொண்ணு யோசிச்சேன். எவ்ளோ நகை வெளிய போவுது, யார்கிட்டயும் ஒரு அட்ரஸ் கூட வாங்குறதில்ல. வாங்கிட்டுப் போனவங்க அப்படியே போயிட்டா? அக்காகிட்ட கேட்டேன். "இதுவரைக்கும் யாரு போயிருக்கா?"ன்னுச்சு. அது உண்மைதான்ண்ணே. நாலு வருஷத்துல ஒரு திருகாணி கூட காணாம போனதில்ல.

எனக்கு சந்தேகம் வந்ததே அங்கதான்! ஒண்ணு கூடவா காணாம போகாது? எப்படி? இத்தனை பேர்ல ஒருத்தர் கூடவா திருட மாட்டாங்க? அப்போ எல்லாரும் சேர்ந்து பெருசா எதுக்கோ காத்துட்டு இருக்காங்கன்னுதான அர்த்தம்?

சிரிக்காதீங்கண்ணே. கடை போட்டீங்கன்னா தெரியும்.

அப்பதான் இன்சூரன்ஸ் எடுக்கலாம்னு முடிவு பண்ணேன். ஏஜெண்ட் பேரு கோதண்டராமன். வயசானவரு, ரொம்ப மரியாதையா பேசுவாரு. மரியாதையா பேசுறாரேன்னு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. வந்தாரு, டீ வேணாம்னாரு. ஏஜெண்டு டீ வேணாம்னு சொல்லி நீங்க பாத்திருக்கீங்களா? கடையைச் சுத்திப் பாத்தாரு. தீ விபத்துக்கு ஒண்ணு எடுத்துக்கங்க, பூட்டை உடைச்சுத் திருடுனா அதுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க, போதும்னுட்டாரு.

நான் விடுவனா? முந்தின நாள் முழுக்க போன்ல தேடிப் படிச்சு வச்சிருக்கேன். "சார், வாடகைக்கு வெளிய போற சரக்குக்குன்னு தனியா ஒரு பாலிசி இருக்குல்ல, அதை ஏன் சொல்லல?"ன்னேன்.

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. பாத்துக்கங்க, பொய் சொல்லப் போறவங்கதான் கண்ணாடியத் துடைப்பாங்க. "அது உங்களுக்கு வேணாம் தம்பி"ன்னாரு.

அண்ணே! நல்லா கேட்டுக்கங்க. இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வேணாம்ங்கறாரு. என் வாழ்க்கையில நான் அப்படி ஒண்ணைக் கேட்டதே இல்ல. எந்த ஏஜெண்டாவது வேணாம்பானா?

"ஏன் சார் வேணாம்?"

"அதுக்குக் கம்பெனி ரெண்டு கண்டிஷன் போடும் தம்பி. நகையை எடுத்துட்டுப் போறவங்க ஆதார் காப்பி குடுத்துக் கையெழுத்துப் போடணும். ஒவ்வொரு நகையிலயும் இது உங்க கடையோடதுன்னு அடையாளம் இருக்கணும். உங்க தொழில் எப்படி? யாருக்கும் தெரியக் கூடாதுங்கறது. கம்பெனி கேக்குறது? எல்லாருக்கும் தெரியணும்ங்கறது. ரெண்டும் ஒத்து வராது. வீணா காசைக் கட்டாதீங்க."

எவ்ளோ நைஸா பேசுறாரு பாருங்க! எனக்குப் புரிஞ்சுபோச்சு. எந்த பாலிசியில கம்பெனி நிஜமாவே பணம் குடுக்க வேண்டி வரும்? வேணாம்னு சொல்றாங்களே, அந்த பாலிசியிலதான்! தீ எங்க புடிக்கப் போவுது? பூட்டை எவன் உடைக்கப் போறான்? ஆனா வெளிய போற நகை காணாம போகும். அது அவருக்கும் தெரியும். அதனாலதான் மறைச்சாரு. "எனக்கு அதுதான் வேணும்"னு ஒத்தக் கால்ல நின்னேன். "நல்லா யோசிச்சுக்கங்க தம்பி"ன்னு போறப்பயும் சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாருண்ணே, ரெண்டு தடவை.

எடுத்துட்டேன். தீயும் திருட்டும் ரெண்டாவது தவணையில பாத்துக்கலாம்னு விட்டுட்டு, இதை மட்டும் எடுத்தேன். அக்காகிட்ட வந்து சொன்னேன், ஆதார் வாங்கணும்னு. அக்கா அப்போ ஒரு ஜடைபில்லையில கல்லு ஒட்டிட்டு இருந்துச்சு. தலையைத் தூக்கவே இல்ல.

"எதுக்கு?"

"பாலிசிக்கு."

"பாலிசி எதுக்கு?"

"நகை காணாம போனா?"

"காணாம போகலையே."

"போனா?"

"போனா போகட்டும்டா. ஆதார் கேட்டேன்னா அதுக்கப்புறம் ஒருத்தி படியேற மாட்டா. வேணும்னா நீ உன் ஆதாரை காப்பி எடுத்து மாட்டிக்க, கடைக்கு ஒரு போர்டு இல்லேன்னு அழுவுறல்ல."

இப்படித்தான் பேசும். தொழில்னா என்னன்னே தெரியாது அதுக்கு.

சரி, ஆதார் போகட்டும். கண்டிஷன் ரெண்டுல ஒண்ணையாவது பண்ணுவோமேன்னு யோசிச்சேன். அடையாளம்! அப்பதான்ண்ணே அந்த ஐடியா வந்துச்சு. நீங்க சொல்லுங்க, இது நல்ல ஐடியாவா இல்லையான்னு. க்யூஆர் கோடு! கடையில பணம் கட்ட ஸ்கேன் பண்றோம்ல, அதே மாதிரி சின்னதா ஒரு ஸ்டிக்கர். ஸ்கேன் பண்ணா ஒரு பேஜ் வரும். "இந்த நகை முகுந்த் பிரைடல் கலெக்‌ஷன்ஸுக்குச் சொந்தம். வாடகைக்கு விடப்பட்டுள்ளது"ன்னு வரும். கீழ என் போட்டோ. அதுக்கும் கீழ வாட்ஸப் பட்டன். நானே ராத்திரியோட ராத்திரியா உக்காந்து பண்ணேன். கழுவுனாலும் போகாத ஸ்டிக்கர், பெங்களூர்லேர்ந்து வரவச்சேன்.

சின்ன நகையில ஒட்ட இடம் இல்ல. ஒட்டியாணத்துல மட்டும் பின்பக்கம் நல்லா அகலமா, வழவழன்னு இடம் இருந்துச்சு. அதுல ஒட்டுனேன்.

அந்த ஒட்டியாணம்தான்ண்ணே எங்க கடையிலேயே பெரிய அயிட்டம். நாகர்கோயில் வடசேரியில செஞ்சது, வெள்ளியில முலாம், நடுவுல லட்சுமி, ரெண்டு பக்கமும் அன்னம். உண்மைய சொன்னா அது அக்காவோடது. அக்கா கல்யாணத்துக்கு எங்கப்பா செஞ்சு போட்டது. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு ஒரு நாளைக்குக் கேட்டுச்சுன்னு குடுத்துச்சு, அப்படியே கடையா ஆயிருச்சு. ஆனா கடைக்குன்னு வந்தப்புறம் அது கடையோட சொத்துதான? கடைன்னா நானும்தான?

இல்ல, ஸ்டிக்கர் ஒட்டுனதை அக்காகிட்ட சொல்லல. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டேன்.

அந்த ஒட்டியாணத்தை வாங்கிட்டுப் போனது கமலவேணின்னு ஒரு அம்மா. பொண்ணு பேரு சுகந்தி. மாப்பிள்ளை வீடு கீரனூர். பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா, "ஒட்டியாணம் போடுவீங்கல்ல?"ன்னு கேட்டாங்களாம். இந்தம்மாவும் வீம்புக்கு, "அதெல்லாம் போடாம இருப்பமா?"ன்னு சொல்லிட்டாங்க. மத்த நகையெல்லாம் சொந்தம்தான், ஒட்டியாணம் மட்டும்தான் இல்ல. அக்காகிட்ட வந்து கண் கலங்குனாங்க. அக்கா உடனே எடுத்துக் குடுத்துருச்சு. நான் அந்தம்மாவையே பாத்துட்டு இருந்தேன். வாடகை சொன்னதும் சரின்னுட்டாங்க. பேரமே பேசல. பேரம் பேசாதவங்களை நான் நம்பவே மாட்டேன்ண்ணே. திருப்பிக் குடுக்குற எண்ணம் இருக்கறவங்கதான பேரம் பேசுவாங்க?

மாத்தூர் தாண்டிட்டோமா? ஆமா, தாண்டியாச்சு.

கல்யாணம் கீரனூர்லயே ஒரு மண்டபத்துல நடந்துச்சு. காலையில தாலி கட்டியாச்சு. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி, இடுப்பு வலிக்குதுன்னு அந்தப் பொண்ணு ஒட்டியாணத்தைக் கழட்டி நாத்தனார் கையில குடுத்துருக்கு, கொஞ்சம் புடிங்கன்னு. நாத்தனார் காலேஜ் படிக்குது. திருப்பிப் பாத்துருக்கு. க்யூஆர் கோடு. இந்தக் காலத்துப் புள்ளைங்க க்யூஆர் கோடைப் பாத்தா சும்மா இருக்குமா?

இங்க நான் கடையில உக்காந்திருக்கேன். வாட்ஸப்ல புது நம்பர்லேர்ந்து ஒரு மெசேஜ். "ஒட்டியாணம் வாடகைக்குக் கிடைக்குமா?"

அண்ணே, நான் துள்ளிக் குதிச்சேன்! ஸ்டிக்கர் வழியா வந்த மொதக் கஸ்டமர்! என் ஐடியா வேலை செய்யுது! உடனே ஒட்டியாணத்தோட போட்டோவை அனுப்புனேன். வாடகை எவ்ளோன்னு கேட்டாங்க, அனுப்புனேன். மொத தடவைங்கறதால தள்ளுபடி உண்டுன்னேன். கை கூப்புற பொம்மை போட்டேன். "இன்னைக்குக் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. "சாரி மேடம், இன்னைக்கு கீரனூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கு, நாளைக்கழிச்சு ஃப்ரீ"ன்னு போட்டேன்.

அதுக்கப்புறம் பதில் இல்ல. என்னடா இதுன்னு ரெண்டு தடவை "ஹலோ மேடம்"னு போட்டேன். சரியா பேச மாட்டேங்குறாங்களே, போட்டிக் கடைக்காரன் வேவு பாக்குறானோன்னு சந்தேகம் வேற.

கொஞ்ச நேரத்துல அக்காவுக்கு கமலவேணி அம்மா போன் பண்ணுச்சு. அழுகைச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. மாமியார்க்காரி மண்டபத்துலயே கத்திட்டாங்களாம். "வெள்ளியா தங்கமாங்கறது எனக்குப் பிரச்சனை இல்ல. சொந்த பந்தத்துக்கு முன்னாடி வாடகை ஒட்டியாணத்தைக் கட்டி என்னை ஏமாத்திட்டீங்க. இந்தப் பொண்ணு என் வாசப்படி ஏறக் கூடாது"ன்னு. பொண்ணை அம்மாவோட வந்த வேன்லயே திருப்பி ஏத்தி அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளை என்ன பண்ணானா? நல்லா கேட்டீங்க. அவன் தினம் பொண்ணுக்குப் போன் பண்றானாம், சாப்புட்டியா தூங்குனியான்னு. அம்மா முன்னாடி மட்டும் வாயில கொழுக்கட்டை. ஒட்டியாணத்தை மாமியார் புடுங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க. நாளைக்குப் பேச்சுன்னு வந்தா காட்டணுமாம்.

அக்கா போனை வச்சுட்டு என்னைப் பாத்துச்சு. "டேய், யாரு ஒட்டுனது?"ன்னுச்சு.

நான் சொன்னேன். பெங்களூர் ஸ்டிக்கர்னும் சொன்னேன்.

அண்ணே, அது திட்டவே இல்ல. சாவியை எடுத்து டேபிள் மேல வச்சுது. செருப்பை மாட்டுச்சு. போயிருச்சு. அன்னையிலேர்ந்து கடைக்கு வரல. இப்ப மாசம் ஒண்ணாகப் போவுது. விஷயம் எப்படியோ உறையூர் முழுக்கத் தெரிஞ்சுபோயி ஒருத்தர் கூட படியேறுறதில்ல. கீழ டெய்லர் வேற சண்டைக்கு வர்றாரு, "உங்களால என் கடைக்கு வர்றவங்களையும் சந்தேகமா பாக்குறாங்க"ன்னு. ஊர்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தேக புத்திண்ணே.

நான் உக்காந்து அழுவுற ஆளா? கோதண்டராமன் சாருக்குப் போன் போட்டேன். "சார், ஒட்டியாணம் போச்சு, பணம் குடுங்க"ன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு சொல்றாரு, "தம்பி, அது காணாம போகலையே. எங்க இருக்குன்னு தெரியுது. யார் வீட்டு பீரோன்னும் தெரியுது. திருட்டும் இல்ல. இதுக்கெப்படிக் கம்பெனி குடுக்கும்? ஆதார் காப்பியும் நீங்க வாங்கல. நான்தான் வேணாம்னு சொன்னனே."

பாத்தீங்களா? வேணாம்னு சொன்னனேங்கறாரு! அப்போ இப்படி ஆகும்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு! எப்படித் தெரியும்? அந்த மாமியாருக்கும் இவருக்கும் ஏதாவது சொந்தமான்னு விசாரிச்சுட்டு இருக்கேன்.

இப்ப எங்க போறேன்னா கேட்டீங்க? கீரனூருக்குத்தான். கொஞ்சம் கிட்ட வாங்க. முன்னாடி ரெண்டு சீட் தள்ளி, ஜன்னலோரம், பச்சைச் சுடிதார், கம்பியில தலை சாச்சிட்டு இருக்குல்ல, அதுதான் சுகந்தி. ஆமாண்ணே, அதே பொண்ணுதான்! மெதுவாதான பேசுறேன். தூங்குது, கேக்காது. திருச்சியில ஏறுனதுலேர்ந்து அப்படியேதான் இருக்கு.

அக்காதான் அனுப்புச்சு. நேத்து கூப்புட்டு விட்டு ஒரு கதை சொல்லுச்சு. நான் போயி மாமியார்கிட்ட இப்படிச் சொல்லணுமாம்: "அம்மா, ஒட்டியாணம் சுகந்தியோட சொந்தம்தான். எங்க கடை விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க நாங்கதான் அவங்ககிட்ட இரவல் வாங்குனோம். அப்ப ஒட்டுன ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துட்டேன். மெசேஜ்ல வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டதும் நான்தான். தப்பு என்னோடது. பொண்ணைக் கூப்புட்டுக்கங்க." அவ்ளோதான். இதைச் சொல்லி அந்தப் பொண்ணை வீட்டுக்குள்ள விட்டுட்டு வந்தா அக்கா மறுநாளே கடைக்கு வந்துருமாம். அக்கா வந்தாதான் கடை, அது எனக்கும் தெரியும். அது இல்லாம அந்தப் படியில காக்கா கூட ஏறாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அப்படிச் சொன்னா ஒட்டியாணம் போச்சுல்ல! இவளோடதுன்னு நானே என் வாயால சொல்லிட்டா அப்புறம் திருப்பிக் கேக்க முடியுமா? அக்காகிட்ட கேட்டேன். "போனா போகட்டும், என்னோடதுதான? அந்தப் பொண்ணு கட்டிக்கட்டும்"ங்குது. இவ்ளோ சாதாரணமா சொல்லுது! அப்பா செஞ்சு போட்டதை யாராவது இப்படித் தூக்கிக் குடுப்பாங்களா? அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. மொதல்லேர்ந்தே கமலவேணியும் அக்காவும் பேசி வச்சிருந்தாங்கன்னா? பேரம் பேசாம வாங்குனாங்களே, அது? அழுகை, சண்டை, அப்புறம் ஒட்டியாணம் பொண்ணுக்கே. எல்லாம் கோர்வையா வருதுல்ல?

ஆமா, ஸ்டிக்கர் நான்தான் ஒட்டுனேன். அது வேற. அதை இதோட சேக்காதீங்க.

அதனால நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். போவேன். பேசுவேன். ஆனா சுகந்தியோட சொந்தம்னு மட்டும் சொல்ல மாட்டேன். "இப்போதைக்கு அவங்ககிட்ட இருக்கட்டும்"னு பொதுவா சொல்லிருவேன். எதுக்கு வார்த்தையை விடணும்? நாளைக்குக் கேசு கீசுன்னு வந்தா? போன்ல ரெக்கார்டை ஆன் பண்ணி சட்டைப் பாக்கெட்டுல வச்சுக்குவேன், யார் யார் என்ன பேசுனாங்கன்னு ஆதாரம் இருக்கும்ல. மாமியார் ஒத்துக்கிட்டா நல்லது. ஒத்துக்கலேன்னா நான் என்ன பண்றது? பொண்ணு வாழ்றதும் வாழாததும் அவங்க வீட்டு விஷயம். நகை என் கடை விஷயம்.

கீரனூர் வந்துருச்சு போல. கண்டக்டர் கத்துறாரு. இருங்கண்ணே, அந்தப் பொண்ணு எந்திரிச்சுருச்சு. வாசலுக்குப் போகாம இங்க ஏன் வருது?

என்னம்மா? எறங்கலாமா? இரு, பையை எடுத்துக்கறேன்.

என்னது?

ஏம்மா, நான் வரலேன்னா எப்படி? அக்கா... இல்ல, நான் அப்படிச் சொல்லல, நான் பொதுவா இந்த அண்ணன்கிட்ட... ஏய், நில்லும்மா! சுகந்தி!

பாத்தீங்களாண்ணே? கேட்டீங்களா அவ சொன்னதை? "நீங்க எறங்க வேணாம்ணே, அத்தைகிட்ட நானே பேசிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போறா! என்ன பேசுவாளாம்? "வாடகைதான், எங்கம்மா வீம்புக்கு வாங்குச்சு, ஏத்துக்கிட்டா ஏத்துக்கங்கன்னு சொல்லப் போறேன்"ங்குறா. உண்மையை! மாமியார்கிட்ட! நேரா போயி! அதுவும் தனியா. அப்படி யாராவது சொல்லுவாங்களாண்ணே? இதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கு. அப்புறம் இன்னொண்ணு சொன்னா கவனிச்சீங்களா? "ஒட்டியாணத்தை நானே கொண்டு வந்து அக்கா கையில குடுத்துடறேன்"னா. அக்கா கையிலயாம். "உங்ககிட்ட இல்ல"ன்னு அழுத்திச் சொன்னா. ஒரு ரசீது இல்ல, ஒரு எழுத்து இல்ல. நான் எதை நம்பி விடறது?

ஐயையோ, பஸ் கெளம்பிருச்சே. விடுங்கண்ணே, இனி எறங்கி என்ன பண்றது? அந்தா, போறா பாருங்க. ஆட்டோ கூட கூப்புடல. துப்பட்டாவை இழுத்துச் சொருகிட்டு நடுத் தெருவுல நடக்குறா. ஒரு தடவை கூட திரும்பிப் பாக்கல.

கண்டக்டர், புதுக்கோட்டைக்கு ஒண்ணு. ஆமா, கீரனூருக்குத்தான் எடுத்திருந்தேன். இப்ப புதுக்கோட்டை.

அண்ணே, அக்கா கேட்டா என்ன சொல்றது? அவ வீட்டுக்குள்ள போறதை நான் இருந்து பாக்கணும்னு சொல்லி அனுப்புச்சு. பாத்தேன்னே சொல்லிடவா? நீ சொன்னதெல்லாம் சொல்லிட்டேன்க்கா, மாமியார் ஒத்துக்கிட்டாங்கன்னு? சொன்னா நாளைக்கே கடைக்கு வந்துரும். பொண்ணு என்ன ஆனாங்கறது தெரிய எப்படியும் ரெண்டு நாளாவும், அதுக்குள்ள ரெண்டு பேராவது படியேற மாட்டாங்களா? இந்த வைகாசியில முகூர்த்தம் நெறைய இருக்குண்ணே.

பாருங்க, நெனச்சேன், அக்காதான் கூப்புடுது. கண்டக்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க! பஸ்ல இருக்கேன்னு தெரியக் கூடாது. நீங்களும் கொஞ்ச நேரம் பேசாதீங்கண்ணே. இல்ல இல்ல, கண்டுபிடிக்காது. நான் என்ன சொன்னாலும் நம்பும். அக்காகிட்ட இருக்குற ஒரே கோளாறு அதுதான்.

ஹலோ... ஆங், சொல்லுக்கா. எறங்கிட்டோம். அவங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்.